நடுப்படத்தில் நகர்ந்த வரிசை

வாளையாரில் அப்போது லாரிகள் நிற்கும்.
ஒன்றரை மைலுக்கு நிற்கும்.
செக்போஸ்ட்டில் முத்திரை விழ
ஓர் இரவும் ஆகலாம், மூன்று பகலும் ஆகலாம்.
அந்தக் காத்திருப்பைத் தின்றுதான்
எங்கள் எல்லோருக்கும் வயிறு நிறைந்தது:
ஹம்சாக்காவின் பரோட்டாக் கல்,
பங்கஜாட்சன் மேனேஜராக இருந்த எட்டறை லாட்ஜ்,
அதன் மாடிப்படிக்குக் கீழே
ஒரு மீட்டரும் ஓடாத மின்விசிறியுமாக
நான் உட்கார்ந்திருந்த எஸ்.டி.டி. பூத்.

பத்தொன்பது வயது எனக்கு.
சம்பளம் நானூற்றைம்பது,
ராத்திரிச் சாப்பாடு ஹம்சாக்கா கணக்கில்.

யாரும் கடைக்குள் வந்து சாப்பிட மாட்டார்கள்.
வண்டியை விட்டு இறங்கினால்
தார்ப்பாய்க் கயிறு காணாமல் போகும்.
தட்டுதான் வண்டியைத் தேடிப் போகும்.
குஞ்ஞாலி இடதுகையில் நாலு தட்டு அடுக்கி
டயரில் கால்வைத்து ஏறி
ஜன்னல் வழியே நீட்டுவான்.
கொஞ்சம் சால்னா எப்போதும்
அவன் சட்டைக்கு.

லாட்ஜுக்குப் பின்னால் சினிமாக் கொட்டகை.
ஓர் ஆடியில் கணவாய்க் காற்று
கூரையைத் தூக்கிக்கொண்டு போனது.
முதலாளி தேடவுமில்லை, திரும்பப் போடவுமில்லை.
அதன்பிறகு படம் வானத்துக்குக் கீழே.
சுவரோரம் நின்ற வண்டிகளில்
வெங்காய மூட்டை மேல் மல்லாந்து
டிக்கெட் இல்லாமல் பார்ப்பார்கள்.
காற்றடித்தால் நாயகன் கன்னம்
மாசமானவள் வயிறுபோல் உப்பும்.
துணித்திரை.
லாட்ஜ் மொட்டைமாடியில் எனக்குக் கிடைத்தது அதன் முதுகு.
எல்லோரும் இடதுகையால் தாலி கட்டினார்கள்.
மலையாள எழுத்தை நான்
இடவலம் மாறித்தான் முதலில் கற்றேன்.

பாதிப் படத்தில் வரிசை நகரும்.
பத்தடிதான்,
ஆனாலும் பின்னால் நிற்பவன் ஹாரனில் கைவைத்துவிடுவான்.
இறங்கு, எடு, நிறுத்து.
மறுபடி ஏறினால் திரைக்கு நேரே ஒரு வேப்பமரம்.
முடிவு பார்த்துவிட்டு எல்லை தாண்டியவர்கள் குறைவு.

ஒருநாள் ஆலுவாயிலிருந்து பூத்துக்கு ஒரு போன்.
சூளூர்ப்பேட்டை வண்டி ஓட்டும் சுப்பராயுடு.
"அம்மிணீ, ஆ பொண்ணு கடைசில யாரோட போச்சு?"
எனக்கெப்படித் தெரியும்?
ஒன்பதே காலுக்கு எனக்குக் கடைசி பஸ்.
எந்தப் படத்துக்கும் நானும் முடிவு பார்த்ததில்லை.
"யாரோடயும் போகலீங்க. தையல் மிஷின் வாங்கிட்டா."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வெறும் ரோட்டுச் சத்தம்.
"அது நல்லது" என்றார்.

அப்புறம் கோட்டயம், கொல்லம்,
ஒருமுறை நடுமத்தியானம் காசர்கோடு.
செத்தவர்களை எழுப்பினேன்.
போலீஸ்காரனை வேலையை விடச் சொன்னேன்.
காசு அவர்களுடையது, ஆகவே
முடிவுகளைச் சுருக்கமாகச் சொல்லப் பழகினேன்.
அடுத்த நடைக்கு வந்த சுப்பராயுடு
மகளிடம் அந்தக் கதையைச் சொன்னாராம்,
இப்போது அவளும் மிஷின் கேட்கிறாளாம்.
என்னைத் திட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல்
நெல்லூர் எலுமிச்சை இரண்டை
மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு எனக்குத் திருப்பூர், கல்யாணம், கையில் செல்போன்.
ஒரு ஜூலையில் செக்போஸ்ட்டை எடுத்தார்கள்.
வரி சுலபமானது, வரிசை போனது.
நல்லதுதான். மூன்று நாள் குளிக்காமல் கிடந்தவர்களைக்
கண்ணால் பார்த்தவள் நான்,
நல்லதில்லை என்று எப்படிச் சொல்ல?

போன வாரம் குருவாயூர் போகும் வழியில்
எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வாளையார் வந்தது.
"கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன்.
"இங்கெல்லாம் நிறுத்தக் கூடாது, போர்டைப் பாரு."
நிற்பதைத் தவிர
வேறொன்றும் தெரியாதிருந்த ஊர்.

பக்கக் கண்ணாடியில் பின்னோக்கி ஓடியது
எதிர்த்திசைக்காரர்களுக்கு எழுதிய ஒரு மலையாளப் பலகை.
இடவலம் மாறி இருந்ததால்
ஒரே பார்வையில் படித்துவிட்டேன்.
"முறி ஒழிவுண்டு."
அறை காலியாக இருக்கிறதாம்.